கல்லுக்குப் பின்னால் ஒன்பது மீட்டர்: குஃபு பிரமிடின் வடமுகத்தில் நடந்த சிதைக்காத சோதனை

2023 பிப்ரவரியில், எகிப்தின் கிசாவில் இருக்கும் குஃபு பிரமிடின் வடமுகத்தில், கற்கள் சேரும் ஒரு மூட்டுக்குள் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை நுழைத்தார்கள். அதன் முனையில் இருந்த கேமரா ஒரு காலியான நடைவழியைக் காட்டியது. இருபுறச் சுவரும் கரடுமுரடாகக் கொத்திய கற்கள். கூரைக்கற்கள் இரண்டு பக்கமிருந்தும் சாய்ந்து நடுவில் முட்டி நின்றன. மார்ச் 2ஆம் தேதி அறிவிப்பு வந்ததும் உலகம் முழுக்க அந்தப் படம் பரவியது.

கான்கிரீட்டையும் கல்லையும் உடைக்காமல் சோதிப்பதுதான் என் தொழில். அந்தப் படத்தைவிட, எண்டோஸ்கோப்பை எந்த மூட்டில் நுழைப்பது என்ற முடிவுக்கு வர ஆன ஏழு ஆண்டுகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. ஒரு கருவி சொன்னதை இன்னொரு கருவி எப்படிச் சரிபார்த்தது, எங்கே ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டியது என்று பார்த்தால், தூணையும் பாலத்தையும் அணையையும் சோதிக்கிறவர்கள் எல்லோருக்கும் இதில் பாடம் இருக்கிறது. அதனால் இதை ஒரு தள ஆய்வாகவே எடுத்து எழுதுகிறேன்.

கட்டுமானமும் சந்தேகமும்

பிரமிடு கி.மு. 26ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அப்போது அதன் உயரம் சுமார் 146 மீட்டர். வெளிப்போர்வைக் கற்களும் உச்சியும் போனபிறகு இன்று 139 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுமார் 23 லட்சம் கற்கள் இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. வடமுகத்தில் பழைய வாசலுக்கு மேலே பிரம்மாண்டமான சுண்ணாம்புக்கல் உத்தரங்கள் ஜோடி ஜோடியாகச் சாய்ந்து, கூரை வடிவில் நிற்கின்றன. ஆய்வாளர்கள் இவற்றை செவ்ரான் என்கிறார்கள். நான் சாய்கற்கள் என்றே சொல்கிறேன்.

கட்டடம் தெரிந்தவர்கள் அந்தச் சாய்கற்களைப் பார்த்தாலே ஒரு கேள்வி எழும். கற்களை இப்படிச் சாய்த்து முட்டவைப்பது, மேலிருந்து வரும் பாரத்தை இரு பக்கமும் தள்ளிவிட்டு நடுவில் உள்ள வெற்றிடத்தைக் காப்பாற்றுவதற்காக. ஆனால் அதற்குக் கீழே இருப்பதாக அறியப்பட்டது, இறங்கிச் செல்லும் ஒரு குறுகிய வழி மட்டும். அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், உயரம் 1.2 மீட்டர் அளவு. இவ்வளவு சின்னத் துவாரத்துக்கு இவ்வளவு பெரிய கூரை எதற்கு? அப்புறம், பாரத்தை விலக்கும் கற்கள் முகப்பில் மட்டும் நின்றுவிடுமா, உள்ளேயும் தொடருமா?

பழங்காலக் கட்டுமானத்தில் இப்படிச் சந்தேகம் வந்தால் துளை போட்டுப் பார்ப்பதுதான் முன்பு வழக்கம். இதே பிரமிடில் 1986இல் ஒரு பிரெஞ்சுக் குழு ராணி அறை எனப்படும் உள்ளறைக்குப் போகும் கிடைமட்ட வழியில் துளையிட்டது. வெற்றிடத்தை எதிர்பார்த்துத் துளைத்த இடத்தில் மணல்தான் வந்தது. அந்தத் துளைகளை யாராலும் திரும்ப மூட முடியாது, அடைக்கலாம், அவ்வளவுதான். கான்கிரீட்டிலும் இதே கதைதான். ஒரு தூணில் கோர் எடுத்தால், அதாவது சோதனைக்காக ஓர் உருளையை அறுத்தெடுத்தால், அந்த இடத்தில் கம்பி வெட்டுப்படலாம், ஓட்டையை எதைக் கொண்டு அடைத்தாலும் அது பழைய கான்கிரீட் ஆகாது. அதனால்தான் துளைக்கும் முன் துளைக்காமல் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் கண்: வானத்திலிருந்து வரும் மியுவான்

2015 அக்டோபரில் ஸ்கேன்பிரமிட்ஸ் திட்டம் தொடங்கியது. கெய்ரோ பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலமும், பாரிசில் உள்ள ஹெச்.ஐ.பி. நிறுவனமும் சேர்ந்து நடத்திய திட்டம் இது. ஆரம்பத்தில் வெப்பப் படமும் எடுத்தார்கள். கிழக்கு முகத்தின் அடிப்பகுதியில் சில கற்கள் அக்கம்பக்கத்துக் கற்களைவிடச் சூடாகத் தெரிந்தன. வெப்பப் படம் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் சொல்லாது. கல்லின் தன்மை, ஈரம், மூட்டின் வழியாக வரும் காற்று என எதுவானாலும் அதே நிறத்தைக் காட்டும். எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் காட்ட அது போதும், அதற்கு மேல் இல்லை.

வடமுகத்தில் துப்பு கொடுத்தது மியுவான். விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது மியுவான்கள் என்ற நுண்துகள்கள் பிறக்கின்றன. தரைமட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 மியுவான்கள் விழுகின்றன. கல்லின் வழியே போகப்போக அவை குறையும். எவ்வளவு கல், அவ்வளவு குறைவு. கட்டுமானத்துக்கு அடியில் ஓர் உணர்கருவியை வைத்து எந்தத் திசையிலிருந்து எத்தனை மியுவான் வருகிறது என்று எண்ணினால், எதிர்பார்த்ததைவிட அதிகம் வரும் திசையில் கல் குறைவு என்று பொருள். எக்ஸ்ரே படத்தின் அதே தத்துவம். கதிரை நாம் உண்டாக்குவதில்லை, காத்திருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். மருத்துவமனை எக்ஸ்ரே சில சென்டிமீட்டர் எலும்பைத் தாண்டினாலே பெரிது. மியுவானோ நூறு மீட்டர் கல்லைத் தாண்டியும் கொஞ்சம் மிச்சம் வைக்கும்.

யோசனை புதிதில்லை. ஆஸ்திரேலியாவில் 1955இலேயே ஒரு சுரங்கத்தின் மேல் எவ்வளவு பாறை இருக்கிறது என்று ஈ.பி. ஜார்ஜ் மியுவான் எண்ணிக்கையை வைத்து அளந்திருக்கிறார். இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸ் கிசாவின் இரண்டாவது பிரமிடான காஃப்ரேயின் பிரமிடில் துகள் போகும் தடத்தைத் தீப்பொறியாகக் காட்டும் தீப்பொறி அறைக் கருவிகளை வைத்து எண்ணி, 1970இல் முடிவை வெளியிட்டார். பிரமிடின் கன அளவில் 19 சதவீதத்தைப் பார்த்தார். மறைவான அறை எதுவும் அங்கே இல்லை என்பதே விடை. 'இல்லை' என்ற விடையை உறுதியோடு எழுத முடிவதும் சோதனையின் வெற்றிதான். எங்கள் தொழிலில் பல அறிக்கைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன: எதுவும் தெரியவில்லை என்பதற்கும், அங்கே எதுவும் இல்லை என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

குஃபு பிரமிடின் வடமுகத்துக்கு ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தினர் அணுக்கருக் குழம்புப் படலங்களைக் கொண்டுவந்தார்கள். புகைப்படச் சுருளின் தாயாதி என்று சொல்லலாம். மியுவான் கடந்த தடம் அதில் நுண்ணிய புள்ளிகளாகப் பதியும். மின்சாரம் வேண்டாம், இடம் அதிகம் அடைக்காது, இறங்குவழி போன்ற இடுக்கில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிடலாம். குறை என்னவென்றால், கழுவிப் பார்க்கும்வரை எதுவும் தெரியாது. சூடும் ஈரமும் தடத்தை மங்கவைக்கும். 2016 அக்டோபரில், சாய்கற்களுக்குப் பின்னால் வெற்றிடம் இருப்பதாக முதல் அறிவிப்பு வந்தது.

அந்த நேரத்தில் கையில் இருந்தது ஒரு திசையும் ஒரு சந்தேகமும். ஓர் இடத்திலிருந்து பார்த்த மியுவான் படம் திசையைத்தான் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. பக்கத்தில் உள்ள சிறு பொந்தும் தொலைவில் உள்ள பெரிய அறையும் ஒரே கோணத்தில் ஒரே அளவாகத் தெரியும். அதனால் அல்-மஃமூன் வழி எனப்படும், பின்னாளில் குடைந்த பாதையிலும் படலங்களை வைத்தார்கள். பிரெஞ்சு அணுசக்தி ஆணையமான சி.இ.ஏ. வாயு உணர்கருவிகளைக் கொண்டுவந்தது. வெவ்வேறு இடத்திலிருந்து வரும் பார்வைக்கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்த்தபோது வெற்றிடம் வடிவம் பெற்றது: நீளம் சுமார் 9 மீட்டர், குறுக்குவெட்டு ஏறத்தாழ 2 மீட்டருக்கு 2 மீட்டர். சில சென்டிமீட்டர் துல்லியத்தில் இதைச் சொல்ல முடிந்தது.

இரண்டாவது கண்: ராடார்

இவ்வளவு துல்லியம் கிடைத்தபிறகும் அவர்கள் துளைக்கவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது. மியுவான் அளப்பது கல்லின் நிறையைத்தான். அதோடு தொடர்பே இல்லாத வேறு ஒரு பௌதிக குணத்தை வைத்து அதே இடத்தைப் பார்க்க முடிவெடுத்தார்கள். கெய்ரோ பல்கலைக்கழகத்தினரும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிறிஸ்டியன் குரோசேயின் சிதைக்காத சோதனைத் துறையினரும் சாய்கற்களின் மேலேயே ஏறினார்கள். ராடார், மீயொலி, மின்தடை என்ற மூன்று முறைகள். தூண், தளம், பாலம் என்று கான்கிரீட்டில் நாங்கள் தினமும் பயன்படுத்துகிற அதே குடும்பத்துக் கருவிகள்.

ஜி.பி.ஆர். என்று தளத்தில் சொல்லும் ராடார் ஒரு ரேடியோத் துடிப்பைக் கல்லுக்குள் அனுப்பும். மின்காப்பு மாறிலி (பொருளுக்குப் பொருள் மாறும் ஒரு மின்குணம்; அது கூடினால் அலையின் வேகம் குறையும்) மாறும் எல்லையில் ஒரு பங்கு திரும்பி வரும். உலர்ந்த சுண்ணாம்புக்கல்லில் அந்த மாறிலியை 7 என்று வைத்தால் அலையின் வேகம் நானோவினாடிக்கு 11 சென்டிமீட்டர் சொச்சம். காற்றில் 30 சென்டிமீட்டர். கல்லிலிருந்து காற்றுக்குப் போகும் எல்லையில் வீச்சில் நாற்பத்து சொச்சம் சதவீதம் திரும்பும். உலோகத்தில் பட்டால் முழுதும் திரும்பும், ஆனால் தலைகீழாக. கான்கிரீட்டில் அங்கே தெரிவது கம்பியா வெற்றிடமா என்று பிரித்துப் பார்க்க இந்தத் தலைகீழ்தான் கைகொடுக்கும். திரையில் முதலில் கறுப்புப் பட்டை வருகிறதா வெள்ளைப் பட்டை வருகிறதா என்று கவனிக்காமல் அறிக்கை எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ராடார் தருவதில் பாதியை அவர்கள் கீழே போட்டுவிட்டுப் போகிறார்கள்.

வெற்றிடத்தைக் கண்டுபிடிக்க ராடாருக்கு இன்னொரு வசதி உண்டு. அலை வெற்றிடத்துக்குள் நுழைந்துவிட்டால் எந்த இழப்பும் இல்லாமல் காற்றின் வேகத்தில் ஓடி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும். 2 மீட்டர் அகல வெற்றிடம் என்றால் முன்சுவர் எதிரொலிக்கும் பின்சுவர் எதிரொலிக்கும் நடுவே 13 நானோவினாடி. 9 மீட்டர் என்றால் 60 நானோவினாடி. ஆகவே ராடாரால் 'இங்கே இருக்கிறது' என்பதோடு 'இவ்வளவு தூரம் போகிறது' என்றும் சொல்ல முடியும்.

சிக்கல்கள் உண்டு. கல்லின் மாறிலியை 6 என்று வைப்பதா 8 என்று வைப்பதா என்பதைப் பொறுத்து, ஒரு மீட்டர் ஆழத்தில் 15 சென்டிமீட்டர் வரை விடை நகரும். திறந்த வெளியில் ஆண்டெனாவை வைத்தால் பின்பக்கம் கசியும் அலை பக்கத்துக் கற்களில் பட்டுத் திரும்பி, கல்லுக்குள்ளிருந்து வந்ததுபோல் திரையில் உட்கார்ந்துகொள்ளும். சாய்கற்களைச் சுற்றிலும் முகப்புக் கற்கள் நிற்பதால் அந்த ஆபத்து இங்கே அதிகம். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் மூட்டுகள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள ஒவ்வோர் இடுக்கும் ஒரு எதிரொலி தரும். அந்த எதிரொலி மூட்டா, தேடுகிற வெற்றிடத்தின் வாயா?

மூன்றாவது கண்: மீயொலி

இங்கே மீயொலி வருகிறது. ராடாருக்கு நேர்மாறான சுபாவம் அதற்கு. ராடார் மெல்லிய காற்றிடைவெளியைத் தாண்டிக்கொண்டு போய்விடும். மீயொலிக்குக் காற்று என்றால் சுவர். கல்லிலிருந்து காற்று எல்லைக்கு வரும் ஒலியாற்றலில் 99.9 சதவீதத்துக்கும் மேல் அப்படியே திரும்பிவிடும். இடைவெளி மயிரிழை அளவு இருந்தாலும் போதும்.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது மனதில் பதியவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய சுவரில் யு.பி.வி., அதாவது மீயொலித் துடிப்பின் வேகம், எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் அனுப்பும் முனை, எதிர்ப்பக்கம் வாங்கும் முனை, நடுவே கிரீஸ். ஒரு பகுதியில் மட்டும் வேகம் படுமோசமாக வந்தது. முனையைத் திருப்பி வைத்தேன், கிரீஸ் மாற்றினேன், அதே எண். உள்ளே கான்கிரீட் தேன்கூடாகப் பொரிந்திருக்கிறது என்றே முடிவுகட்டி எழுதினோம். கோர் எடுத்துப் பார்த்தால் உருளை முழுக்க நல்ல கெட்டியான கான்கிரீட். ஆனால் உருளையின் வெளிமுனையில், விரல் கனத்துக்குப் பூச்சு மட்டும் தனியாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. பூச்சுக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது ஒரு காகிதம்கூட நுழையாத பிரிவு. ஒலி அதில் நின்று, சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. முதலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்திருந்தாலே அந்தப் பொள்ளல் சத்தம் காதில் விழுந்திருக்கும். அந்தச் சுவரில் போட்ட துளைக்கு நான்தான் பொறுப்பு என்ற எண்ணம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

சுவரில் எனக்குத் தொல்லையான அதே குணம், சாய்கற்களில் உதவியாகிறது. வறண்ட, திறந்த மூட்டை மீயொலி தாண்டாது என்றால், அது சொல்லும் ஆழம் பெரும்பாலும் கை வைத்திருக்கும் அந்த ஒரு கல்லின் பின்முகம்தான். ராடார் காட்டும் எதிரொலிகளில் எது கல்லின் முதுகு, எது அதற்கும் அப்பால் இருக்கிறது என்று பிரிக்க ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. கல்லின் தடிமன் மீயொலியால் தெரிந்தால், ராடாருக்கு வைத்த மின்காப்பு மாறிலி சரியா என்றும் திரும்பச் சோதிக்கலாம். ஒன்றின் ஊகத்தை மற்றொன்று திருத்துகிறது.

தொல்பொருள் கல்லில் கிரீஸ் தடவ முடியாது. சுண்ணாம்புக்கல் எண்ணெயைக் குடித்து நிரந்தரக் கறையாக்கிக்கொள்ளும். கான்கிரீட்டுக்காக உருவான உலர்தொடு முனைகள் இதற்குத் தோதானவை. ஸ்பிரிங் வைத்த கூர்முனைகள் வரிசையாக இருக்கும், பரப்பில் அழுத்தினால் போதும், தொடும் இடம் ஓர் ஊசிப் புள்ளி. சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் குறுக்கலை. கான்கிரீட்டில் வேகம் வினாடிக்கு இரண்டரை கிலோமீட்டர் சொச்சம், அலைநீளம் 5 சென்டிமீட்டர் அளவு. பாலங்களில் இறுக்குக் கம்பி போகும் குழாய்களுக்குள் சாந்து சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதே வகைக் கருவியைத்தான் எடுத்துப்போகிறோம்.

மின்தடை முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரப்பில் மின்முனைகளை வைத்து மின்னோட்டம் செலுத்தி, உள்ளே எங்கே தடை கூடுகிறது என்று கணக்கிடுவது. காற்று மின்னோட்டத்தைக் கடத்தாது, அதனால் வெற்றிடம் உயர்தடைப் பகுதியாகத் தெரியும். உலர்ந்த சுண்ணாம்புக்கல்லுக்கே தடை அதிகம் என்பதால் வேறுபாடு பளிச்சென்று இருக்காது, படத்தின் விளிம்புகளும் மங்கலாக இருக்கும். தனியாக இதை வைத்து யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். மற்ற இரண்டோடும் ஒத்துப்போகிறதா என்று கேட்க இது நல்ல சாட்சி.

பிறகு மூன்றின் படங்களையும் ஒரே ஆயத்தொலைவில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். மூன்றும் கூடிய இடத்தில், சாய்கற்களுக்குப் பின்னால் ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில், வெற்றிடம் தொடங்கியது. மியுவான் சொன்ன அதே இடம். நிறை, மின்காப்பு, ஒலி, மின்தடை என்று நான்கு தனித்தனிக் குணங்கள் ஒரே இடத்தைச் சுட்டின. அப்போதும் துளைக்கருவியை எடுக்காமல், ஏற்கெனவே இருந்த மூட்டைத் தேடி எண்டோஸ்கோப்பை நுழைத்தார்கள்.

நம் தளத்தில் இதை எப்படிப் பார்ப்பது

ஒரு தூணுக்கு நான்கு முறைகளும் ஏழு ஆண்டுகளும் யாருக்கும் கிடைக்காது, சரி. ஆனால் எந்த இரண்டு முறைகளைச் சேர்க்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. பரப்பில் அடித்து, துள்ளித் திரும்பும் அளவால் கடினத்தைச் சொல்லும் ரீபவுண்ட் ஹாமரை ஓர் இடத்துக்குப் பத்துத் தடவைக்குப் பதில் இருபது தடவை அடிப்பதால் சந்தேகம் தீராது. பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் கெட்டிப்பட்டிருந்தால் இருபது அடியும் ஒரே மாதிரி ஏமாற்றும். ஹாமர் பார்ப்பது மேல் சில சென்டிமீட்டரை. மீயொலி குறுக்கே முழுத் தடிமனையும் கடக்கும். ஈரம் இருந்தால் ஹாமர் எண் இறங்கும், ஒலிவேகம் ஏறும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் தவறுவதால்தான் அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, இதே பிரமிடின் இன்னொரு கண்டுபிடிப்பைப் பார்க்கலாம். 2017 நவம்பரில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, பிரமிடுக்குள் ஏறிச்செல்லும் உயரமான வழியான பெருங்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள ஒரு பெருவெற்றிடம் இருப்பதாகச் சொல்கிறது. நகோயாவின் படலம், ஜப்பானின் கே.இ.கே. இயற்பியல் ஆய்வகத்தின் ஒளிர்க்கட்டைக் கருவி (துகள் பட்டால் ஒளிரும் கட்டைகள்), சி.இ.ஏ.யின் வாயு உணர்கருவி என்று மூன்றும் தனித்தனியாக அதைக் கண்டன. புள்ளியியல் உறுதி ஐந்து சிக்மாவுக்கும் மேல், அதாவது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. கருவிக் கோளாறு என்ற சந்தேகத்தை இது நன்றாகவே தீர்த்துவிடுகிறது. அங்கே நிறை குறைவாக இருக்கிறது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் மூன்று கருவிகளும் எண்ணியது அதே மியுவானை. ராடாரும் மீயொலியும் இன்னும் அதைத் தொடவில்லை. அது ஒரே கூடமா, அடுத்தடுத்த சிறு அறைகளா, கிடையாக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பது அந்த ஆய்விலேயே திறந்த கேள்வியாகத்தான் விடப்பட்டிருக்கிறது.

காரணம் ஆழம். வடமுக வழி சாய்கல்லுக்குப் பின்னால் கைநீள தூரத்தில் இருந்தது. பெருவெற்றிடமோ வெளிமுகத்திலிருந்து பல பத்து மீட்டர் உள்ளே இருக்கிறது. வழியில் எண்ணற்ற மூட்டுகள், ஒவ்வொன்றும் ராடார் அலையில் ஒரு பங்கைச் சிதறடிக்கும். மீயொலி முதல் திறந்த மூட்டிலேயே நின்றுவிடும். அதிர்வெண்ணைக் குறைத்தால் ராடார் இன்னும் ஆழம் போகும், ஆனால் அலைநீளம் கூடிக்கூடி, ஒரு கல்லையும் ஓர் அறையையும் பிரித்துக் காட்டும் திறனை இழக்கும். அதனால் இப்போதைக்கு இன்னும் பெரிய மியுவான் கருவிகளை இன்னும் பல கோணங்களில் வைப்பதுதான் அங்கே செய்யக்கூடிய வேலை.